கவரிங் பட்டறையில சயனைடு, ஓனர் வீட்டுல பாதரசம்... தம்பி உடம்புக்கு ஒண்ணும் ஆகாதா?

தில்லைக்காரி

எல்லாருக்கும் வணக்கம். பிளேட்டிங் வேலை (நகைக்கு முலாம் பூசறது) தெரிஞ்சவங்க, டாக்டருங்க யாராச்சும் இருந்தா கொஞ்சம் பதில் சொல்லுங்க ப்ளீஸ். எங்க ஊரு சிதம்பரம். கவரிங் நகைக்கு பேர் போன ஊருன்னு உங்களுக்கே தெரியும். என் தம்பி ஐடிஐ முடிச்சிட்டு வேற வேலை எதுவும் அமையாம ஒரு சின்ன பிளேட்டிங் பட்டறையில சேர்ந்திருக்கான். ஒரே ரூம். அதுக்குள்ளயே எல்லா தொட்டியும். முதல்ல ஆசிட்ல முக்கி எடுக்கறது, அப்புறம் காப்பர் தொட்டி, நிக்கல், கடைசியா கோல்டு, இடையில இடையில பக்கெட் தண்ணியில ஒரு அலசு, அவ்ளோதான். காப்பர் தொட்டிக்கு சயனைடு போடறாங்களாம், வெள்ளையா கட்டி கட்டியா டிரம்ல வருதுன்னு சொல்றான். ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கு ஆனா அது ரிப்பேர், சீலிங் ஃபேன் மட்டும் ஓடுது. மதிய சாப்பாடும் அங்கயே ஓரமா உக்காந்து சாப்பிடறாங்க.

இது போதாதுன்னு ஓனரோட அப்பா பட்டறை பின்னாடி அவங்க வீட்டு கொல்லையில, கூட்டின தூசி, பழைய அரப்பொடி எல்லாத்தையும் சேத்து வச்சு பாதரசம் போட்டு தங்கம் எடுப்பாராம். அடுப்புல காய்ச்சறப்ப இவனையும் கூப்பிட்டுக்கறார். போன வாரம் பாத்தா தம்பி மோதிரம் ஒரு பக்கம் வெள்ளி மாதிரி வெளுத்துப் போயிருக்கு. கேட்டா "அது ரசம் பட்டுருச்சுக்கா, நெருப்புல காட்டினா பழையபடி ஆயிடும்"ன்னு சிரிக்கறான்.

சாயந்திரம் வந்தா தலைவலின்னு படுத்துடறான், ஞாயித்துக்கிழமை நல்லாத்தான் இருக்கான். ஓனர்கிட்ட கேட்டா "நாங்க மூணு தலைமுறையா இதுலதான் இருக்கோம், ரெண்டு வாழைப்பழம் சாப்பிட்டு ஒரு டம்ளர் பால் குடிச்சா போதும், விஷம் முறிஞ்சிடும், அப்படியே கேஸ் வந்தாலும் வாசனை வந்துரும் ஓடி வந்துரலாம்"ங்கறார். வேலையை விட்டுட்டு வாடான்னு சொல்ற நிலைமையில நாங்க இல்லை. என்ன கேட்டு மாத்த சொல்லலாம், என்ன டெஸ்ட் எடுக்கணும், அதை மட்டும் சொல்லுங்க.

கோவை பழைய பிளேட்டர்

அம்மிணி, உங்க போஸ்ட்ல ஓனர் சொன்னதை விட "ஒரே ரூம்"ங்கற வார்த்தைதான் எனக்கு பக்குன்னு இருந்துச்சுங்க. நான் கோயமுத்தூர்ல நகைப் பட்டறையிலயும் அப்புறம் பிளேட்டிங் யூனிட்லயும் வேலை பாத்து ரிட்டையர் ஆனவன். சயனைடுன்னாலே சனங்க சினிமாவுல வர்ற மாதிரி வாயில போட்டு கடிக்கறதுன்னுதான் நினைச்சுக்கறாங்க, பட்டறையில ஆள் விழறது பெரும்பாலும் அப்படி இல்லீங்க. சயனைடு கரைசல் நல்ல காரமா இருக்கற வரைக்கும், அதாவது பிஎச் (ஆசிட்டா காரமான்னு காட்டற அளவு) 11 பக்கம் இருக்கற வரைக்கும், அது தொட்டிக்குள்ள அடங்கித்தான் கிடக்கும். அதுல ஆசிட் சேர்ந்துச்சுன்னா அடுத்த நிமிசமே ஹைட்ரஜன் சயனைடு கேஸா கிளம்பிரும். அந்த கேஸோட கொதிநிலை 26 டிகிரிதானுங்க. சிதம்பரத்து வெயிலுக்கு அது திரவமா நிக்கவே நிக்காது, நேரா மூக்குக்குத்தான்.

அப்ப உங்க தம்பி பட்டறையில ஆசிட்டும் சயனைடும் எங்கெங்க சேருதுன்னு பாருங்க. கொக்கியில மாட்டின நகையை ஆசிட்ல முக்கி எடுத்து ஒரே ஒரு பக்கெட்ல அலசிட்டு காப்பர் தொட்டிக்குள்ள விடறாங்க, அந்த பக்கெட் தண்ணி மத்தியானத்துக்குள்ள அதுவே பாதி ஆசிட் ஆயிருக்கும், ஒவ்வொரு கொக்கியும் கொஞ்சம் கொஞ்சமா ஆசிட்டை உள்ள கொண்டு போகும். ஒரேயடியா கேஸ் வராது, நாள் முழுக்க துளித்துளியா வரும், சாயந்திரம் தலைவலி வருதுன்னீங்கல்ல, எனக்கு முதல் சந்தேகம் அங்கதான். ஓடற தண்ணியில ரெண்டு அலசு, அதுக்கப்புறம் லேசான காஸ்டிக் சோடா தண்ணியில ஒரு முக்கு, அப்புறம்தான் சயனைடு தொட்டிக்கு போகணும். இதுக்கு ஓனருக்கு ஆகற செலவு ரெண்டு பிளாஸ்டிக் தொட்டி, ஒரு குழாய், அவ்வளவுதானுங்க.

ரெண்டாவது, சாக்கடை. இதை யாருமே பாக்க மாட்டாங்க. ஆசிட் அலசின தண்ணியும் சயனைடு அலசின தண்ணியும் ஒரே வாய்க்கால்ல போனா ரூமுக்குள்ள ஒண்ணும் நடக்காது, வெளிய சேருற குழியில நடக்கும். குழியை தூர் வார இறங்கறவன் பாவம் யாரோ ஒரு கூலியாளா இருப்பான். ரெண்டு தண்ணிக்கும் தனித்தனி வழி வேணும், இது கண்டிப்பா வேணும்.

சயனைடு டிரம்மை ஆசிட் கேன் பக்கத்துல வைக்கக் கூடாது, ஆசிட் மேல் தட்டுலயும் சயனைடு கீழயும் சுத்தமா கூடாது. ஈரம் படாத எடத்துல பூட்டு போட்டு வைங்க. பூட்டு எதுக்குன்னு நான் சொல்ல வேண்டியதில்லை, பட்டறை வீடுகள்ல நடந்த சாவு எங்க காதுலயும் விழுந்துருக்குங்க. காலி டிரம்மை கழுவி தண்ணி பிடிக்க எடுத்துட்டு போறவங்க உண்டு, அதை அடிச்சு ஓட்டை போட்டுட்டுத்தான் வெளிய விடணும்னு நாங்க ஒரு வழக்கமே வச்சிருந்தோம்.

எக்ஸாஸ்ட் மேட்டர். சீலிங் ஃபேன் ஓடறது இல்லாததை விட மோசம், தொட்டிக்கு மேல நிக்கற ஆவியை ரூம் பூரா கலக்கி விடும். தொட்டியோட விளிம்புலயே உறிஞ்சற மாதிரி டக்ட் போடணும், அது முடியலைன்னா முதல்ல அந்த ரிப்பேர் ஃபேனையாவது சரி பண்ணச் சொல்லுங்க. கிளவுஸ் நீளமா இருக்கணும், கிழிஞ்ச கிளவுஸ் போடறதுக்கு போடாமயே இருக்கலாம், ஏன்னா கிழிசல் வழியா உள்ள போன தண்ணி தோலோட ஒட்டியே நிக்கும், சயனைடு தோல் வழியாவும் ஏறும்.

இன்னொண்ணு, தம்பிகிட்ட கேளுங்க, "பாம்பிங்" பண்றாங்களான்னு. சூடான சயனைடு கரைசல்ல பெராக்சைடு ஊத்தி நகையை பளபளன்னு எடுக்கறது, எங்க ஊர் தங்கப் பட்டறையில ஒரு காலத்துல சாதாரணமா நடந்துச்சு. பொங்கி மூஞ்சியில அடிக்கும், பேரே அதுக்குத்தான் அப்படி வந்துச்சுங்க. இப்ப சயனைடே இல்லாத எலக்ட்ரோ பாலிஷ் மெஷின் வந்துருச்சு, அதுக்கு மேலயும் ஒருத்தர் பாம்பிங் பண்றார்னா காசு மிச்சம் பண்றார்னு அர்த்தம், வேற ஒண்ணுமில்லை.

சும்மா ஒருத்தன்

இவ்ளோ பயப்படணுமா? நாங்கல்லாம் ஸ்கூல் படிக்கறப்ப உடைஞ்ச தெர்மாமீட்டர்ல இருந்து பாதரசத்தை எடுத்து உள்ளங்கையில உருட்டி விளையாடினோம், நோட்டுக்குள்ள வச்சு வீட்டுக்கு எடுத்துட்டு போவோம், இன்னும் உயிரோட நல்லாத்தான் இருக்கேன். ரசமணி, அதான் பாதரசத்தைக் கட்டி செஞ்ச மணி, அதை கழுத்துல போட்டவங்க எத்தனை பேரு. அதெல்லாம் வெள்ளைக்காரன் கிளப்பி விட்ட பயம். தங்கம் செய்யற ஆசாரிங்க எல்லாம் செத்தா போயிட்டாங்க?

கெமிஸ்ட்ரி வாத்தி

மேல சொன்ன நண்பருக்கு: நீங்க உயிரோட இருக்கறது சந்தோஷம்தான், ஆனா உள்ளங்கையில உருட்டறதையும் அடுப்புல காய்ச்சறதையும் ஒண்ணா பேசாதீங்க. உலோகப் பாதரசத்தை ஒருத்தர் முழுங்கினாக்கூட குடல்ல அனேகமா ஏறாது, வந்த வழியே வெளிய போயிடும். அதோட ஆவியை மூச்சுல இழுத்தா சுமார் 80 சதவீதம் நுரையீரல் வழியா ரத்தத்துக்கு போயிடும், அங்கிருந்து மூளைக்கு. நாட்டுல பாதி பேருக்கு இது தலைகீழாத்தான் தெரியும், முழுங்கினாத்தான் ஆபத்துன்னு நினைப்பாங்க.

கணக்கு சொல்றேன். மூடின ரூம்ல பாதரசம் திறந்து கிடந்து, 25 டிகிரியில காத்து அதோட ஆவியால நிறைஞ்சு போச்சுன்னா ஒரு கன மீட்டர் காத்துல ஏறக்குறைய 20 மில்லிகிராம் இருக்கும். அமெரிக்காவோட தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு நியோஷ் வேலை இடத்துக்கு பரிந்துரைக்கற அளவு 0.05 மில்லிகிராம். நானூறு மடங்கு, அதுவும் சூடு பண்ணாமலே! கதவு ஜன்னல் திறந்திருந்தா அந்த அளவுக்கு போகாது, சரி. ஆனா அடுப்புல வச்சா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. அந்த ஆவிக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்ல, கண்ணு எரியாது, இருமல் வராது, ரொம்ப அதிகமா போனாத்தான் நெஞ்சு அடைக்கும். துணியை மூக்குல கட்டிக்கிட்டா ஒரு பிரயோஜனமும் கிடையாது.

தில்லைக்காரி, அந்த மோதிரம் விஷயம். தங்கத்துல பாதரசம் பட்டா கலந்து வெள்ளையா ஆகும், அந்த தாத்தா தூசியில இருந்து தங்கம் எடுக்கறதும் இதே வேலையாலதான். மோதிரத்தை நெருப்புல காட்டினா கலர் திரும்பி வரும், தம்பி சொன்னது சரிதான், ஆனா பாதரசம் எங்க போச்சு? காட்டினவன் மூக்குக்குத்தான் போச்சு. தயவு செஞ்சு வீட்டு கேஸ் அடுப்புல அதை செய்ய விடாதீங்க. மோதிரத்தை ஒரு கண்ணாடி டப்பாவுல போட்டு மூடி வைங்க.

வெள்ளைக்காரன் கிளப்பின பயமான்னு கேட்டீங்க. நம்ம கொடைக்கானல்லயே நடந்தது. தெர்மாமீட்டர் பேக்டரி 1980கள்ல அமெரிக்காவுல இருந்து பெயர்ந்து வந்துச்சு, பாதரசம் ஒட்டின உடைஞ்ச கண்ணாடி டன் கணக்குல மூஞ்சிக்கல் பக்கம் பழைய இரும்புக் கடையில கிடக்கறது 2001ல வெளிய தெரிஞ்சு பேக்டரியை மூடினாங்க, 2003ல ஏறக்குறைய 290 டன் கழிவை மூட்டை கட்டி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினாங்க, முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு கம்பெனியோட உடன்பாடு ஆனது 2016ல. நடுவுல பதினஞ்சு வருஷம் போயிடுச்சு பாருங்க. வெள்ளைக்காரன் தன் ஊர்லயும் இதை அனுபவிச்சவன்தான், தொப்பி செய்யற ஃபெல்ட் துணிக்கு மெர்க்குரிக் நைட்ரேட் போட்டு பதப்படுத்தினதுல அமெரிக்காவுல டான்பரின்னு ஒரு ஊர்ல தொழிலாளிங்களுக்கு கை நடுக்கம் வந்து, அந்த நடுக்கத்துக்கு ஊர் பேரையே வச்சாங்க. அந்த முறையை அங்க நிறுத்தினது 1941லதான்.

பாதரசக் கூட்டுப்பொருள் எல்லாம் ஒரே மாதிரியும் கிடையாது. 1996ல டார்ட்மவுத் காலேஜ்ல ஒரு கெமிஸ்ட்ரி பேராசிரியை, அதுவும் நச்சு உலோகங்களைப் பத்தி ஆராய்ச்சி பண்ணினவங்க, டைமெத்தில் மெர்க்குரி ஒண்ணு ரெண்டு சொட்டு கிளவுஸ் மேல சிந்திருச்சு, லேடெக்ஸ் கிளவுஸ் போட்டுத்தான் இருந்தாங்க. அது ரப்பரைத் தாண்டி உள்ள போயிடுச்சு. மாசக்கணக்குல ஒண்ணும் தெரியலை, அப்புறம் நடை தள்ளாடி பேச்சு குழறி 1997 ஜூன்ல இறந்து போனாங்க. உங்க தம்பி பட்டறையில அது இருக்காது, பயப்படாதீங்க. கிளவுஸ் போட்டா போதும்னு பொதுவா சொல்றவங்களுக்காக சொல்றேன்.

சும்மா ஒருத்தன்

சரி சரி, நான் தெரியாமத்தான் கேட்டேன் வாத்தியாரே. அப்ப ரசமணி?

கெமிஸ்ட்ரி வாத்தி

அதை வேற திரியில பேசிக்கலாம், இங்க ஒரு பையன் உடம்பு விஷயம் ஓடிட்டு இருக்கு.

கேஷுவாலிட்டி டியூட்டி

அக்கா, நான் எமர்ஜென்சியில வேலை பாக்கற டாக்டர். ஆன்லைன்ல வைத்தியம் சொல்றதில்லை, ஆனா இதுல சிலது எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டியது.

வாசனை வந்துரும்னு ஓனர் சொல்றது ரொம்ப தப்பு. கசப்பு பாதாம் வாசனைன்னு புத்தகத்துல போட்டிருப்பாங்க, நம்ம ஊர்ல யாரு கசப்பு பாதாமை மோந்து பாத்திருக்கா சொல்லுங்க. அது போக, மக்கள்ல கணிசமான பேருக்கு பிறவியிலேயே அந்த வாசனை தெரியாது. தெரிஞ்சவங்களுக்கும் கொஞ்ச நேரத்துல மூக்கு மரத்துப் போயிடும். 50 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காத்துல 50 பங்கு) இருந்தாலே உடனடி உயிராபத்துன்னு கணக்கு, வேலை இடத்துல 15 நிமிஷ சராசரி 4.7 பிபிஎம்மை தாண்டக் கூடாதுன்னு நியோஷ் சொல்றாங்க. அந்த வித்தியாசத்தை மூக்கால அளக்க முடியாது, கேஸ் அளக்கற சின்ன மீட்டர் சட்டையில மாட்டற மாதிரியே வருது.

வாழைப்பழம், பால் ரெண்டும் சத்துக்கு நல்லது. சயனைடுக்கும் பாதரச ஆவிக்கும் அது மருந்து இல்லை, அவ்வளவுதான். அதை அந்த ரூம்லயே கை கழுவாம சாப்பிட்டா இன்னும் மோசம்.

யாராவது திடீர்னு மயங்கி விழுந்தா: பக்கத்துல இருக்கறவன் பாசத்துல ஓடிப் போய் தூக்கக் கூடாது. தூக்கப் போனவன்தான் ரெண்டாவதா வருவான், பல சம்பவங்கள்ல இதைத்தான் பாக்கறோம். கதவைத் திறந்து, மெயினை... இல்ல, மெயினை ஆஃப் பண்ணா எக்ஸாஸ்டும் நின்னுடும், அதனால ஃபேன் ஓடட்டும், மூச்சுக் கருவி இல்லாம உள்ள போகாதீங்க. ஆளை வெளிய கொண்டு வந்ததும் நனைஞ்ச துணியை கழட்டி தண்ணி ஊத்தி கழுவுங்க. வாயோட வாய் வச்சு ஊதாதீங்க, ஊதறவருக்கும் ஏறும். நெஞ்சை அழுத்தலாம். 108க்கு போன் பண்றப்ப "மயக்கம்"னு மட்டும் சொல்லாம "சயனைடு"ங்கற வார்த்தையை சொல்லிடுங்க, ஏன்னா மருந்து எல்லா ஆஸ்பத்திரியிலயும் ரெடியா இருக்காது. சோடியம் தயோசல்ஃபேட், சோடியம் நைட்ரைட், ஹைட்ராக்ஸோகோபாலமின்னு மருந்து இருக்கு, கடைசியா சொன்னது நம்ம ஊர்ல சுலபமா கிடைக்கறது இல்லை. உங்க பக்கத்துல எந்த ஆஸ்பத்திரியில எது இருக்குன்னு ஓனர் இன்னைக்கே போய் கேட்டு எழுதி சுவத்துல ஒட்டணும்.

கொரோனாவுக்கு அப்புறம் எல்லார் வீட்டுலயும் ஆக்ஸிமீட்டர் இருக்கு, அதை விரல்ல மாட்டி 98 காட்டுது ஒண்ணுமில்லைன்னு விட்டுடாதீங்க. சயனைடு ஆக்ஸிஜனை ரத்தத்துக்கு வர விடாம பண்றதில்லை, வந்த ஆக்ஸிஜனை செல்லு எடுத்துக்க முடியாம பண்ணுது, அதனால மீட்டர் நல்லாவே காட்டும், ஆளு போயிட்டு இருப்பான்.

இப்ப தம்பி விஷயம். வேலை நாள்ல தலைவலி, லீவு நாள்ல நல்லா இருக்கான்ங்கறது டாக்டர்கிட்ட முதல்ல சொல்ல வேண்டிய விஷயம், அவங்களா கேக்க மாட்டாங்க, நீங்களா சொல்லுங்க. தினமும் கொஞ்சம் கொஞ்சமா சயனைடு ஏறினா உடம்பு அதை தயோசயனேட்டா மாத்தும், அது தைராய்டு அயோடினை எடுத்துக்கறதை கெடுக்கும். எகிப்துல பிளேட்டிங் தொழிலாளிங்க 36 பேரை வச்சு 1975ல வந்த ஆய்வுல பாதிக்கு மேல பேருக்கு தைராய்டு வீங்கியிருந்துச்சு, தலைவலி, சோர்வு, வாய் ருசி மாறினதுன்னும் நிறைய பேர் சொல்லியிருந்தாங்க. அதனால கழுத்தைப் பாத்து டிஎஸ்ஹெச்னு ஒரு தைராய்டு ரத்த டெஸ்ட் எடுங்க. சிகரெட் பிடிப்பான்னா அதையும் மறைக்காம சொல்லச் சொல்லுங்க, புகையிலயும் சயனைடு இருக்கு, ரிசல்ட் குழம்பும்.

பாதரசத்துக்கு யூரின் டெஸ்ட்தான், கிரியாட்டினினோட (யூரின் எவ்ளோ நீர்த்திருக்குன்னு காட்டற பொருள்) சேத்து கணக்கு போட்ட ரிசல்ட் கேளுங்க. ரத்தத்துல பாத்தா மீன் சாப்பிட்டது கூட ஏத்திக் காட்டும், கடலூர் பக்கம் இருந்துக்கிட்டு மீன் சாப்பிடாம யாரு இருக்கா. சாம்பிளை பட்டறையில வச்சு எடுக்கக் கூடாது, குளிச்சு துணி மாத்திட்டு வீட்டுல எடுங்க. கூடவே யூரின்ல புரோட்டீன் போகுதான்னு பாத்துருங்க, கிட்னி முதல்ல அங்கதான் காட்டும். கை நீட்டச் சொல்லி விரல் நடுங்குதான்னு பாருங்க, கையெழுத்து மாறிருக்கா, ஈறு வீங்கி எச்சில் அதிகமா ஊறுதா, முன்ன மாதிரி இல்லாம சட்டுனு கோவப்படறானா இல்ல ஆளுங்களைப் பாத்தாலே ஒதுங்கறானா, இதெல்லாம் பாதரசத்தோட குணம். உடம்புல இருக்கறது பாதியா குறைய சுமார் ரெண்டு மாசம் ஆகும், அதுவும் அந்த அடுப்பு பக்கமே போகலைன்னாத்தான். டீடாக்ஸ் பொடி, டிரிப்னு யாராவது வித்தா வாங்காதீங்க.

பட்டறையில பத்து பேரோ அதுக்கு மேலயோ இருந்தா இஎஸ்ஐ கேளுங்க. பாதரச நோய் சட்டப்படி தொழில் நோய் லிஸ்ட்ல இருக்கற ஒண்ணு.

சிகாகோ சாம்பார்

இடையில வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க வீட்ல இருந்து கொஞ்ச தூரத்துல எல்க் குரோவ் வில்லேஜ்னு ஒரு ஊர் இருக்கு. பழைய எக்ஸ்ரே பிலிமை சயனைடு தொட்டியில போட்டு வெள்ளி எடுக்கற பிலிம் ரெக்கவரி சிஸ்டம்ஸ்னு ஒரு கம்பெனி அங்க இருந்துச்சு, வேலை செஞ்சவங்க பெரும்பாலும் மெக்சிகோவுல இருந்தும் போலந்துல இருந்தும் வந்தவங்க, இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, டிரம் மேல இருந்த மண்டை ஓட்டு படத்தையே சுரண்டி எடுத்துட்டாங்கன்னு கேஸ்ல வந்துச்சு. 1983 பிப்ரவரியில ஒரு போலந்துக்காரர் அந்த தொட்டி பக்கம் வேலை செஞ்சுட்டு மயங்கி விழுந்து செத்துட்டார். 1985ல ஜட்ஜ் கம்பெனி ஆளுங்க மூணு பேருக்கு கொலைக் குற்றம்னே தீர்ப்பு எழுதினார், விபத்துன்னு இல்ல, கொலைன்னு. 1990ல மேல்கோர்ட் அதை ரத்து பண்ணிடுச்சு, அப்புறம் 1993ல குறைஞ்ச குற்றத்தை ஒத்துக்கிட்டாங்க. உங்க தம்பி பட்டறை டிரம்ல என்ன எழுதியிருக்குன்னு தமிழ்ல ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டச் சொல்லுங்க, அதுக்கு பைசா செலவில்லை.

மாரிக்குப்பம் மச்சான்

நான் கேஜிஎஃப் ஆளு, கர்நாடகாவுல இருக்கற கோலார் தங்கவயல். எங்க தாத்தா காலத்துல வட ஆற்காடு பக்கம் இருந்து தங்கச் சுரங்கத்துக்கு வந்த குடும்பம், 2001 பிப்ரவரியில சுரங்கத்தை மூடினாங்க, எங்க ஊருக்கு மிச்சம் இருக்கறது சயனைடு மேடுங்கதான். அரைச்ச கல்லுல சயனைடு ஊத்தி தங்கம் எடுத்துட்டு மிச்ச மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாவே ஆயிடுச்சு, காத்தடிச்சா வீட்டுக்குள்ள சோத்துல வந்து விழும். இங்க முதல்ல பாதரசம் தடவின செம்புத் தகடு மேல அரைச்ச கல்லை ஓட விட்டு தங்கத்தைப் புடிப்பாங்க, அதுல சிக்காததுக்கு சயனைடு. சயனைடு முறையையே 1887ல கிளாஸ்கோவுலதான் கண்டுபுடிச்சாங்க, அதுக்கப்புறம் உலகம் பூரா தங்க ஊருல பரவிடுச்சு.

எதுக்கு இந்தக் கதைன்னா, யக்கா, அந்த பெரியவர் பாதரசம் போட்டு எடுத்த பிறகு மிச்ச தூசியை என்ன பண்றாருன்னு கேட்டீங்களா? அதுல இன்னும் தங்கம் இருக்குன்னு சயனைடுல போடறாரான்னு பாருங்க. பாதரசம் கலந்த மண்ணை அப்படியே சயனைடுல போட்டா பாதரசமும் கரைஞ்சு தண்ணியோட போகும். பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுங்க சேர்ந்து போட்ட மினமாட்டா ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்கு, 2017ல நடைமுறைக்கு வந்துச்சு, இந்தியாவும் அதுல இருக்கு, சின்ன அளவுல தங்கம் எடுக்கற எடத்துல ஒழிக்க வேண்டிய படுமோசமான வேலைன்னு நாலு சொல்றாங்க, அதுல இதுவும் ஒண்ணு. ரசக்கலவையை திறந்த வெளியில எரிக்கறது, ஜனங்க குடியிருக்கற எடத்துல எரிக்கறது ரெண்டும் அதே லிஸ்ட்லதான். உங்க கதையில மூணு வருது போலிருக்கே.

தில்லைக்காரி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, படிச்சுட்டு ராத்திரி தூக்கமே வரலை. தம்பிகிட்ட உக்காந்து ஒவ்வொண்ணா கேட்டேன். மாரிக்குப்பம் அண்ணா, நீங்க சொன்னது சரி, தாத்தா பாதரசம் போட்டு எடுத்த மிச்சத்தை பழைய ஸ்ட்ரிப்பிங் தொட்டியில, அதான் நகைப் பூச்சை சயனைடுல உரிக்கற தொட்டியில, கொட்டுவாராம். அந்த தொட்டி தண்ணி வாரம் ஒருக்க சாக்கடைக்கு போகுது. பாம்பிங் இல்லைங்கறான், அது வரைக்கும் நிம்மதி.

ஓனர் மோசமான ஆளு இல்லை, அதையும் சொல்லணும். கோவை ஐயா எழுதினதை அப்படியே படிச்சுக் காட்டினதும் முகம் மாறிடுச்சு. ஆசிட் தொட்டியை வெளிய ஷெட்டுக்கு மாத்தறேன், எக்ஸாஸ்ட் ரெடி பண்றேன்னு ஒத்துக்கிட்டார். ஆனா தாத்தா அடுப்பு பத்தி பேச்சு எடுத்தா "அப்பா கேக்க மாட்டார்"ங்கறார். அந்த வீட்டு மருமக வேற முழுகாம இருக்காங்க. சாக்கடைக்கு ஒரு யோசனை சொல்றார், தினமும் ரெண்டு பாட்டில் பிளீச்சிங் ஊத்தி விட்டா சயனைடு செத்துடும்னு யாரோ சொன்னாங்களாம். செய்யலாமா?

கெமிஸ்ட்ரி வாத்தி

மருமக முழுகாம இருக்கறதை அந்த தாத்தாகிட்ட நேரா சொல்லுங்க. பாதரச ஆவி தாயோட ரத்தத்துல இருந்து நச்சுக்கொடியைத் தாண்டி குழந்தைக்கு போகும். சட்டம், லிமிட்டு, மினமாட்டா எதுக்கும் அசையாத பெரியவங்க பேரப்பிள்ளைன்னா அசைவாங்க. அடுப்பை நிறுத்தறது மட்டும் போதாது, இத்தனை வருஷம் காய்ச்சின கொல்லையில தரையில, சுவத்து வெடிப்புல பாதரசம் உக்காந்திருக்கும், வெயில் ஏற ஏற ஆவி வரும். தொடப்பத்தால கூட்டாதீங்க, வேக்குவம் கிளீனர் போடவே போடாதீங்க, அது ஆவியாக்கி ரூம் பூரா ஊதி விடும். கண்ணுக்குத் தெரியற உருண்டையை அட்டையால ஒதுக்கி, ஊசியில்லாத சிரிஞ்சால உறிஞ்சி, கொஞ்சம் தண்ணி விட்ட பாட்டில்ல மூடி வைங்க. அந்தம்மா இந்த வேலை பக்கமே வரக் கூடாது, முடிஞ்சா கொஞ்ச நாள் அவங்க அம்மா வீட்டுக்கு அனுப்புங்க.

தூசியில இருக்கற தங்கத்தை எடுக்கணும்னா மொத்தமா சேத்து வச்சு ரீபைனிங் பண்றவங்ககிட்ட கொடுத்துடலாம், காசு கொஞ்சம் குறையும்.

கோவை பழைய பிளேட்டர்

பிளீச்சிங் மேட்டருக்கு அவசரப்பட வேண்டாங்க, நல்ல வேளை ஊத்தறதுக்கு முன்னாடி கேட்டீங்க. சோடியம் ஹைப்போகுளோரைட் சயனைடை முறிக்கும், பெரிய யூனிட்ல அப்படித்தான் செய்வாங்க. ஆனா தனி தொட்டியில பிடிச்சு வச்சு, காஸ்டிக் போட்டு பிஎச் பத்துக்கு மேல ஏத்தி, பேப்பர் வச்சு பாத்துட்டு, கிளறிக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா விடணும். பிஎச் குறைஞ்ச தண்ணியில பிளீச்சிங்கை ஊத்தினா சயனோஜன் குளோரைடுன்னு இன்னொரு விஷக் கேஸ் வரும். உங்க சாக்கடையில ஆசிட் தண்ணி கலந்து நிக்குது, அதுல ரெண்டு பாட்டில் ஊத்தினா சயனைடு கேஸுக்கு பதிலா இதுவும் குளோரினும் சேர்ந்து வரும், பக்கத்து வீட்டுக்காரனும் விழுவான். முதல்ல வாய்க்காலைப் பிரிக்கச் சொல்லுங்க.

அந்த ஸ்ட்ரிப்பிங் தொட்டியில பாதரசம் கரைஞ்சிருக்கு, அதை பிளீச்சிங் போட்டு முறிச்சாலும் பாதரசம் அங்கயேதான் இருக்கும், சாக்கடைக்கு விடற தண்ணி இல்லீங்க அது. மூடி போட்டு பூட்டி வச்சுட்டு அபாயக் கழிவு எடுக்க லைசென்ஸ் வாங்கினவங்களைக் கூப்பிடச் சொல்லுங்க. மாவட்டத்துல தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தோட ஆபீஸ் இருக்கும், ஓனரே போய் கேட்டார்னா மரியாதையா வழி சொல்லுவாங்க, யாராவது விழுந்த பிறகு அவங்களா வந்தா வேற மாதிரி இருக்கும்.

ஆசிட் தொட்டியை ஷெட்டுக்கு மாத்தற அன்னைக்கு சயனைடு தொட்டி ரெண்டையும் மூடி போட்டுட்டு, ரூம்ல ஆள் யாரும் இல்லாம பாத்துக்கிட்டு அப்புறம் தூக்கச் சொல்லுங்க. தூக்கறப்ப தளும்பும். தம்பி டெஸ்ட் ரிசல்ட் வந்ததும் இங்க போடுங்க அம்மிணி.

தில்லைக்காரி

சரிங்க ஐயா. தொட்டி மாத்தறது வர்ற ஞாயித்துக்கிழமை. யூரின் டெஸ்ட் இங்க எடுக்கறதில்லையாம், சாம்பிள் சென்னைக்கு அனுப்புவாங்களாம், ரிசல்ட் வந்ததும் போடறேன். மோதிரத்தை வாங்கி டப்பாவுல போட்டு வச்சுட்டேன், தம்பிக்கு என் மேல கோவம்.